ரெண்டு ரவுண்டு ஆச்சு

இன்று காலை விமான நிலைய லவுஞ்சில் பக்கத்து மேசைக்காரர்கள் இருவர் உன் சோடாவைப் பற்றிப் பேசினார்கள்.

அது உன் சோடா என்று அவர்களுக்குத் தெரியாது. இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. வாரத்துக்கு இரண்டு முறை பறக்கிறவர்கள் என்பது ஷூவைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டியிருந்த தோரணையிலேயே தெரிந்தது. காலை பதினொரு மணிக்கே ஆளுக்கொரு கிளாஸ். விஸ்கியில் சோடா விழும்போது ஒரு வாசம் கிளம்புமே, வெல்லம் காய்ச்சும்போது அடி பிடித்த மாதிரி, கூடவே மூக்கைச் சுருக்கென்று குத்துமே, அது என் இட்லித் தட்டு வரைக்கும் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

"இந்த மெஷின் வேஸ்ட் சார்," என்றார் ஒருவர். "ஊத்தும்போது பொங்குது. வாயில வெச்சா பச்சைத் தண்ணி."

"நான் போன வாரம் வடக்க போனேன்ல, அங்க புது லவுஞ்ச் ஒண்ணு தொறந்திருக்கான். அந்தச் சோடாவைக் குடிச்சுப் பாருங்க. கடைசிச் சொட்டு வரைக்கும் கேஸ் நிக்குது. எவன் மாட்டினானோ, கையில கலை இருக்கு அவனுக்கு."

ஊரையும் சொன்னார். நீ போன ஊர். நீ திரும்பி வராத லவுஞ்ச்.

"நீங்க விஸ்கி முதல்லயா, சோடா முதல்லயா?"

"விஸ்கி, அப்புறம் ஐஸ், கடைசியா சோடா. ஸ்பூன் வெச்சுக் கலக்கவே கூடாது. கலக்கினா கேஸ் செத்துப்போயிடும்."

நான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க தம்பி, சோடாவா தண்ணியா?" என்று கேட்டார். நான் இட்லித் தட்டைப் பார்த்தேன். "எந்த ஊர்?" என்றார். கள்ளக்குறிச்சிப் பக்கம் என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஐயய்யோ, உங்ககிட்டயா கேட்டோம்? நீங்கல்லாம் எதுவும் கலக்காமலே அடிக்கிற ஆளுங்களாச்சே!" சிரித்தார்கள். பிறகு ஒருவர் என் முழங்கையைத் தட்டி, "சும்மா தமாஷுக்கு. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியும். நம் மாவட்டத்தின் பெயரைச் சொன்னதும் எந்த ஊரிலும் வருகிற சிரிப்பு. அங்கே விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்களில் ஒருவன் பெயர்கூட இவர்களுக்குத் தெரியாது. ஊரின் பெயர் மட்டும் தொட்டுக்கொள்ள ஊறுகாய் ஆகிவிட்டது. நீ இருந்திருந்தால் ஏதாவது பதிலடி கொடுத்திருப்பாய். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த மெஷினை மாட்டியவன் அதன் பின்னறையிலேயே செத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? ஒரு நிமிடம் உச்சுக் கொட்டியிருப்பார்கள். பிறகு அடுத்த கிளாஸ்.

நாம் முதன்முதலாக விமானம் ஏறியபோது உனக்கு இருபத்திரண்டு, எனக்கு இருபத்தொன்று. பாலிடெக்னிக் விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை. நான் மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்பு வயலிலிருந்து வந்தவன். நீ வெள்ளிமலையைத் தாண்டி, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து இன்னும் நடந்துபோக வேண்டிய ஊரிலிருந்து வந்தவன். லவுஞ்சுகளிலும் மால்களிலும் சோடா மெஷின் மாட்டுகிற கம்பெனி நம் இருவரையும் ஒரே நாளில் வேலைக்கு எடுத்தது. ரயிலில் அனுப்பினால் நாள் வீணாகிறது என்று விமானத்தில் அனுப்பினார்கள். அதை நாம் மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த முதல் பயணத்தில் நீ ஜன்னலை விட்டு நகரவே இல்லை. "இன்னாடா தேடிக்கினு கீற?" என்று கேட்டதற்கு, "எங்க மலை தெரியுதான்னு பாக்கறேன்" என்றாய். விமானம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை.

இரண்டு வருடத்தில் நமக்கு விமானம் டவுன் பஸ் ஆகிவிட்டது. எந்த வாயிலில் கூட்டம் குறைவு, எந்த வரிசையில் கால் நீட்டலாம், எந்த லவுஞ்சில் டெபிட் கார்டைத் தேய்த்தால் உள்ளே விடுவான் என்பதெல்லாம் அத்துப்படி. அடிக்கடி பறப்பதற்காக விமானக் கம்பெனி உனக்கு வெள்ளி அட்டை கொடுத்தது. அதை என் மூக்குக்கு நேரே ஆட்டினாய். "பாத்துக்கோ மச்சான். வெள்ளிமலைக்காரனுக்கு வெள்ளி அட்டை." உன் ஊருக்குப் போகும் பாதைக்கு அப்போதும் தார் போடவில்லை.

லவுஞ்சுக்குள் நுழைந்ததும் எல்லாரும் சாப்பாட்டுப் பக்கம் போவார்கள். நீ நேரே சோடா மெஷினிடம் போவாய். ஒரு கிளாஸ் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பாய். குமிழ் பொடியாக, வரிசையாக ஏறினால் தலையை ஆட்டுவாய். பெரிய பெரிய குமிழாக வந்து உடைந்தால், "தண்ணி சூடா போவுது. ஜில்லுனு இருந்தாத்தான் கேஸ் உள்ள ஒக்காரும். இல்லன்னா விருந்தாளி மாதிரி வந்துட்டு ஓடிடும்" என்பாய். அதற்குப் பிறகுதான் விஸ்கி. ஒரு விரல் அளவுக்கு மேல் ஊற்ற மாட்டாய். அதையும் அரை மணி நேரம் வைத்திருந்து பாதியை விட்டுவிட்டு எழுவாய். "விஸ்கிக்குச் சோடா இல்ல மச்சான். சோடாவுக்குத்தான் விஸ்கி" என்பது உன் வாக்கு. சோடாவில் இரும்பு வாடை இருந்தால் வெறும் வாயில் தெரியாது, விஸ்கியில் ஊற்றினால் காட்டிக்கொடுத்துவிடும் என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தாய்.

இதை எழுதும்போது உன்னை உத்தமனாக்க ஆசை வருகிறது. குடிக்கவே மாட்டாய் என்று எழுதிவிட்டால் எத்தனை சுலபம்! நீ குடிப்பாய். கொஞ்சமாக, ரசித்து, நான்கு பேரோடு பேசிக்கொண்டு. பக்கத்து மேசைக்காரர்கள் குடிப்பதில் நான்கில் ஒரு பங்கு.

அந்த நான்கு பேருக்காகத்தான் 'பறக்கும் படை' என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாய். நீ, நான், உளுந்தூர்பேட்டை வேலு அண்ணன், கள்ளக்குறிச்சி டவுன் ரியாஸ். நான்கு பேரும் ஒரே கம்பெனி, ஆனால் ஒரே ஊரில் இருந்ததே இல்லை. ஆளுக்கொரு விமான நிலையத்தில் காத்துக்கிடந்த நேரமெல்லாம் அந்தக் குழுவில்தான் போயிற்று. எந்த லவுஞ்சில் எந்த மெஷின், எதில் எதைக் கலக்கலாம், எதைக் கலந்தால் பாவம்.

வேலு அண்ணன் ஒருநாள் விஸ்கியில் பன்னீர் சோடா ஊற்றிப் படம் பிடித்துப் போட்டார். நீ உடனே குரல் பதிவு அனுப்பினாய்: "அண்ணே, அது விஸ்கி இல்ல, கல்யாண வூட்டுச் சந்தனம். கையில தடவிக்கங்க."

"போடா மலைக்காரா. நாலு எடம் சுத்துனவன் நான். எனக்குச் சொல்றியா?"

ரியாஸ் வாழ்க்கையில் ஒரு சொட்டும் தொடாதவன். அவன்தான் சட்டம் ஜாஸ்தி பேசுவான். "எளநியில கலக்கறவன்லாம் மனுசனே இல்லண்ணே."

"டேய், மோர் குடிக்கிற பய நீ. உனக்கு இன்னாடா தெரியும்?"

"குடிக்காதவனுக்குத்தான்ணே நெதானமாத் தெரியும்."

இந்த வம்பெல்லாம் இன்னும் என் போனில் இருக்கிறது. மேலே தள்ளிக்கொண்டே போனால் சிரிப்பு வருகிறது. கீழே வந்தால் நின்றுவிடுகிறது.

ஒருமுறை லவுஞ்சில், கறுப்பு அரைக்கோட்டும் கழுத்துப் பட்டையுமாக விஸ்கி ஊற்றிக்கொண்டிருந்த பையனைப் பார்த்தபடி நீ சொன்னாய்: "இங்க ஊத்திக் குடுக்கறவனுக்கு டை கட்டி வுட்டுக்கீறாங்க. எங்க மலையில ஊத்திக் குடுத்தவனுக்கு வெலங்கு." பிறகு நீயே, "காய்ச்சுறவன் யோக்கியன்னு சொல்ல வரல. எங்க ஆளுங்க எத்தினி பேரு அதுல போயிருக்கான் தெரியுமா? ஆனா மலையில கரண்டு போனா ஒருத்தன் வர மாட்டான். ரேஷன் வரலன்னா ஒருத்தன் வர மாட்டான். சாராய ஊறலைக் கொட்டறதுக்கு மட்டும் ஜீப்பு ஜீப்பா ஏறி வரான்" என்றாய். உன் அப்பா சாராயம் காய்ச்சியதே இல்லை. என்றோ ஒரு சோதனையில், அடுப்புக்கு அருகே நின்றிருந்தார் என்று பிடித்துப்போய் வழக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு மலையில் எது நடந்தாலும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான் என்றாய். சாகும்வரை அந்தக் கறை போகவில்லை என்றாய். அன்று கிளாஸை நீ தொடவே இல்லை.

நம் வேலையில் ரவுண்டு என்றால் என்ன என்பதை வெளியாளுக்கு விளக்கித்தான் ஆகவேண்டும். கவுண்டரில் தெரிவது குழாய் மட்டும். பின்னால் ஓர் அறையில் தண்ணீர் வடிகட்டி, சர்பத் பைகள், கேஸ் சிலிண்டர், தண்ணீருக்குள் கேஸை ஏற்றுகிற எஃகு ஜாடி எல்லாம் இருக்கும். மாட்டி முடித்ததும் குழாய்களைக் கழுவ வேண்டும். மருந்துத் தண்ணீரை நிரப்பி, சிலிண்டர் கேஸைத் திறந்து அதன் அழுத்தத்தில் வெளியே தள்ள வேண்டும். தண்ணீர் போனதும் கேஸும் அறைக்குள் வெளியேறும். இது ஒரு ரவுண்டு. மூன்று ரவுண்டு முடிந்தால்தான் மெஷினைக் கடைக்காரனிடம் ஒப்படைக்கலாம். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் கம்பெனியின் வேலைக் குழுவில் "ஒரு ரவுண்டு ஆச்சு", "ரெண்டு ரவுண்டு ஆச்சு" என்று போட வேண்டும். அது விதி. அந்த அறைக்கு இரண்டு பேர் போக வேண்டும் என்பதும் விதிதான். ஒருவனுக்குத் தலை சுற்றினால் இன்னொருவன் வெளியே இழுப்பதற்கு. அந்த விதியை மட்டும் கம்பெனி நம் கண்ணெதிரே மெல்ல மறந்தது. நாமும் சேர்ந்து மறந்தோம். ஒருவனே போனால் ஒருவனுக்கே நல்ல பெயர் என்று நினைத்தோம்.

அன்று நான் வேறொரு விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம். விமானம் தாமதம். முந்தைய நாள் மாலை நீயும் நானும் ஒன்றாக லவுஞ்சில் உட்கார்ந்து, உன் ஒரு விரல் விஸ்கியைப் பற்றி வழக்கம்போலப் பேசிவிட்டு, ஆளுக்கொரு வாயிலுக்குப் பிரிந்திருந்தோம். பறக்கும் படையில் வேலு அண்ணன் ஏதோ ஐஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பெரிய கட்டியா, சின்னக் கட்டியா என்று ரியாஸ் அவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான். நடுவில் உன் செய்தி வந்தது.

"ரெண்டு ரவுண்டு ஆச்சு. தலை சுத்துது."

வேலைக் குழுவுக்குப் போக வேண்டிய செய்தி. தலை சுற்றிய நிலையில் விரல் மாறி, மேலே இருந்த நம் குழுவைத் தொட்டுவிட்டாய். வேலைக் குழுவில் விழுந்திருந்தால் ரவுண்டு, ரவுண்டாகவே இருந்திருக்கும். தலை சுற்றுகிறது என்றால் கேஸ் நிரம்புகிறது, கதவைத் திற, ஆளை வெளியே எடு என்று யாராவது ஒருவனுக்காவது உறைத்திருக்கும். நம் குழுவில் விழுந்ததால் அது வேறு ரவுண்டு ஆகிவிட்டது.

வேலு அண்ணன், "வேலை நேரத்துலயேவாடா?" என்று கேட்டார். ரியாஸ் சிரிக்கிற முகங்களை வரிசையாகப் போட்டான்.

நான் எழுதினேன்: "சோடா ஜாஸ்தி ஊத்து."

எழுதிவிட்டுச் சிரித்தேன். தனியாக, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சத்தமாகச் சிரித்தேன். எதிரே இருந்த அம்மாள் என்னைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. வேலு அண்ணன் இப்போது மேற்பார்வைக்குப் போய்விட்டவர், அறைக்குள் நுழைந்து வருடக்கணக்காகிறது. ரியாஸ் சாமான் அனுப்பும் பிரிவு. அந்த அறைக்குள் முழங்காலிட்டு உட்கார்ந்து ரவுண்டு விடுகிறவர்கள் நீயும் நானும்தான். அந்தச் செய்தியைச் சரியாகப் படித்திருக்க வேண்டியவன் நான் ஒருவன். அந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தங்கும் என்று உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் நான்.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. காற்றை வெளியே தள்ளும் விசிறி இல்லை. லவுஞ்ச் திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. தூசி வரக்கூடாது என்று வெளியே கதவைச் சாத்தியிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குத் துடைக்க வந்த பெண்தான் உன்னைப் பார்த்தாளாம்.

நீ பலமுறை பறந்த வழியிலேயே திரும்பி வந்தாய். உன் வெள்ளி அட்டைக்கு அன்று வேலை இல்லை. சரக்குப் பகுதியில் ஒரு பெட்டியாக வந்தாய். ரியாஸும் நானும் கையெழுத்துப் போட்டு வாங்கினோம். அங்கிருந்த ஆள் ரசீதைப் பார்த்துக்கொண்டே, "எந்த ஊர் ஐட்டம்?" என்று கேட்டான். ரியாஸ் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். குடிக்காதவனின் நிதானம் அன்றோடு போயிற்று. உளுந்தூர்பேட்டையில் வேலு அண்ணன் ஏறிக்கொண்டார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். தார் முடிந்த இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது. மீதி தூரம் உன்னைத் தோளில் தூக்கிப்போனோம்.

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டது. "கேஸுன்னா நாத்தம் வருமேப்பா. எம்புள்ளைக்குத் தெரியலியா?"

"இதுக்கு நாத்தம் இல்லம்மா."

"நாத்தமே இல்லாத ஒண்ணை எதுக்குப்பா வெச்சிருக்கானுவ?"

பதினாறாம் நாள் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் விசாரணை என்று கூப்பிட்டார்கள். குளிரூட்டிய அறை. மூன்று பேர். மரியாதையாகத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் தயாராகப் போயிருந்தேன். நீ வேலையில்தான் செத்தாய், செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் செத்தாய் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. போனை எடுத்து அந்தச் செய்தியை நானே காட்டினேன். பாருங்கள் சார், ரெண்டு ரவுண்டு முடித்திருக்கிறான், நேரம் இருக்கிறது பாருங்கள் என்றேன். கேட்காமலே கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

நடுவில் இருந்தவர் அந்தத் திரையை வெகுநேரம் பார்த்தார். மேலே தள்ளினார். ஐஸ், பன்னீர் சோடா, முந்தைய நாள் மாலை நீ கிளாஸோடு நிற்கிற படம், எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அவர் குடிப்பாரா?"

"ரவுண்டுன்னா அது இல்ல சார். குழாயைக் கழுவறது..."

"அது இருக்கட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. குடிப்பாரா, மாட்டாரா?"

"ஆமா," என்றேன்.

உண்மையைத்தானே சொன்னேன். பொய் சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. உண்மை நம்மைக் காப்பாற்றும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. அவர்களில் ஒருவர் எழுதிக்கொண்டார். இன்னொருவர் மெல்லிய குரலில், எனக்குக் கேட்காது என்று நினைத்து, "எந்த மாவட்டம்னு பாருங்க" என்றார். அவர் உதட்டில் வந்தது அதே சிரிப்பு.

நான் விளக்கினேன். ரவுண்டு என்பது தொழில் வார்த்தை, அது உங்கள் வேலைக் குழுவிலேயே ஆயிரம் தடவை இருக்கும், எடுத்துப் பாருங்கள் என்றேன். "நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். பார்த்தார்களா தெரியாது. உன் வீட்டுக்குப் போன கடிதத்தில், மது அருந்திய நிலையில் பாதுகாப்பு விதிகளைக் கவனிக்காமல் பணியாற்றியதால் என்று இருந்தது. பிரேதப் பரிசோதனையில் மூச்சு முட்டியதாக எழுதியிருந்தது. வயிற்றில் என்ன இருந்தது என்கிற அறிக்கை இன்னும் வரவில்லை. அது வருவதற்குள் அந்தக் கடிதம் வந்துவிட்டது. உன் அப்பா மேல் ஒட்டிய கறை ஒரு தலைமுறை தாண்டி உன் மேலும் ஒட்டிவிட்டது. இரண்டு பேருமே செய்யாத காரியத்துக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது ரவுண்டு பாக்கி இருந்தது. அதை முடிக்க என்னைத்தான் அனுப்பினார்கள். நான் போனேன். வேலையை அவர்கள் முகத்தில் விட்டெறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். கரும்பு வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வந்த வீட்டுப் பிள்ளை எதையும் விட்டெறிய மாட்டான். அந்த அறைச் சுவரில் எட்டு அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு விசிறி மாட்டியிருந்தார்கள். உனக்கு வேண்டியிருந்தது அந்த எட்டு அங்குலம்தான். நான் சிலிண்டரைத் திறந்தேன். தரையில் நீ கிடந்த இடம் எதுவென்று தெரியாததால் எங்கே முழங்காலிடுவது என்று சிறிது நேரம் நின்றேன். பிறகு முடித்தேன். வேலைக் குழுவில் "மூணு ரவுண்டு ஆச்சு" என்று போட்டேன். யாரோ கட்டைவிரல் காட்டினார்கள்.

அதற்கப்புறம் ஒருமுறை மலைக்கு வந்தேன். ஜெயாவைப் பார்க்க. கல்யாணமான இரண்டு வருடத்தில் உன்னோடு அவள் இருந்த நாட்களைவிட நீ என்னோடு லவுஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்கள் அதிகம். வீட்டு முன்னால் சாமை காயப்போட்டிருந்தாள். கடிதத்தை வைத்துக்கொண்டு ஊரில் பேசத்தான் செய்தார்களாம். "குடிச்சிட்டுப் போயிட்டாரும்மான்னு மொகத்துக்கு நேராவே சொல்றாங்கண்ணா" என்றாள். அழவில்லை. அழுது முடித்த குரல்.

நான் ரவுண்டு என்றால் என்ன என்று சொன்னேன். குளிரூட்டிய அறையில் மூன்று பேருக்குப் புரியாதது பத்தாவது படித்த ஜெயாவுக்கு ஒரே தடவையில் புரிந்தது. "அப்ப அவரு வேலையைத்தான் எழுதிக்கீறாரு" என்றாள். முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது. மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. புருசன் மானத்தோடு செத்தான் என்பதில் வருகிற ஆறுதல். எழுந்து உள்ளே போய் உன் போனை எடுத்து வந்தாள். பையோடு அனுப்பியிருந்தார்கள். திறந்து, அந்த இடத்தைத் தேடி எடுத்து, என் பக்கம் நீட்டினாள்.

"கீழ நீங்க ஒண்ணு எழுதிக்கீறீங்களேண்ணா. 'சோடா ஜாஸ்தி ஊத்து'ன்னு. இதுவும் வேலை வார்த்தையா?"

மூன்று நொடி இருக்கும். இல்லை ஜெயா, அது கிண்டல், உன் புருசன் மூச்சுக்குத் தவித்தபோது நான் கிண்டலடித்தேன் என்று சொல்ல அந்த மூன்று நொடி போதும். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் மலை ஏறி வந்தேன். வாயைத் திறந்தேன்.

"வேலை வார்த்தைதான்," என்றேன். "தலை சுத்துனா அப்பிடிச் செய்யணும். தண்ணியத் தொறந்து வுட்டு கேஸைக் கொறைக்கணும்."

அப்படி ஒரு முறை இல்லவே இல்லை. உனக்குத் தெரியும்.

அவள் போனைப் பார்த்தாள். விரலால் என் எழுத்தை ஒருமுறை தடவினாள். "நீங்க சொல்லித்தான் கீறீங்க," என்றாள் மெதுவாக. "அவருதான் கேக்கல. கேட்டிருந்தா பொழைச்சிருப்பாரு, இல்லண்ணா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. ரவுண்டைப் பற்றிச் சொல்லி உன் மேலிருந்து எடுத்த பழியை என் பொய் திரும்பவும் உன் தலையில் கொண்டுபோய் வைத்துவிட்டது. இனி அவளுக்கு நீ, நல்லது சொன்ன நண்பனின் பேச்சைக் கேட்காமல் செத்தவன். அதை மறுக்க வேண்டுமென்றால் முழுவதையும் சொல்ல வேண்டும்.

"ஆமா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். உன் பிடிவாதம் அவளுக்குத் தெரிந்ததுதான் என்பது போல. எனக்குச் சாமைக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன். கிளம்பும்போது, "நீங்களாவது பத்திரமா இருங்கண்ணா" என்றாள்.

அடுத்த முறை வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் மலை இறங்கினேன். இறங்கி ஏழு மாதம் ஆகிறது.